மணிலாப் பயிரும் மண் வளமும்

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடியானவனுக்கு மணிலாவே பணப்பயிர் என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர் நம் நாட்டுக்கு வந்து வேரூன்றி, வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை என்று ஊருக்கொரு பெயர் பெற்றுவிட்டது. கணபதி அக்கிரகாரமாயினும் கள்ளிக்காடாயினும் இதன் எண்ணெய் புழங்காத வீடு இல்லை. திண்டிவனத்திலும் விருத்தாசலத்திலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் இதற்கெனவே பல இரகங்களைக் கண்டு தந்துள்ளன. ஆரணி போன்ற பகுதிகளில் ஊருக்குள் தறியும் ஊருக்கு வெளியே மணிலாக் காடுமாக வாழ்க்கை நடைபெறுகிறது. ஆகவே, இந்தப் பாடம் விவசாய அங்கத்தினர்களுக்கு மட்டுமன்றி நெசவாள அங்கத்தினர்களுக்கும் உரியதே.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஒரு கிராமச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். தவணை கடந்த கடன்களின் பட்டியலில் ஒரு முதிய அங்கத்தினரின் பெயர் இருந்தது. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் ஒரு தவணையும் தவறாதவர் அவர். அவரை அழைத்துக் காரணம் வினவினோம். “ஐயா, கடன் பணம் எங்கே போயிற்று என்று கேட்கிறீர்கள். பாதியைப் புழு தின்றது, மீதியைப் புழுவுக்கு வாங்கிய மருந்து தின்றது” என்றார் அவர். ஆடியில் விதைத்த பயிரைக் கம்பளிப் பூச்சி அழித்துவிட்டது. மனைவியின் தோட்டை அடகு வைத்து மறுபடி விதைத்தார். மூன்று முறை மருந்து தெளித்தார். அடுத்த நிலத்துக்காரர் பட்டணத்தில் இருந்தார். அவர் நிலம் உழவின்றிக் கிடந்தது. அங்கிருந்து புழுக்கள் மீண்டும் அணி அணியாக வந்து சேர்ந்தன.

விதிப்படி நாம் அவர் பெயருக்கு நேரே எழுத வேண்டியதை எழுதினோம். ஆயினும் ஒன்று நம் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் செய்த தவறு யாது? தம் நிலத்தில் அவர் செய்யாதது ஒன்றுமில்லை. ஊர் சேர்ந்து செய்ய வேண்டியதை ஊர் செய்யவில்லை. பூச்சியைத் தடுப்பதும் மண்ணைப் பேணுவதும் எங்ஙனம் என்பதையும், அவற்றுள் தனியே செய்யக்கூடியவை எவை, கூடிச் செய்ய வேண்டியவை எவை என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1. மண்ணே முதல்

தறியில் பாவு இற்றுப் போயிருக்குமானால், ஊடை எவ்வளவு உயர்ந்த பட்டாயினும் சீலை நில்லாது. பயிருக்கு மண் பாவு போன்றது. உரமும் மருந்தும் ஊடை போன்றவை. மண் நலிந்த நிலத்தில் செடியும் நலிந்திருக்கும். நலிந்த செடி சிறு பூச்சிக்கும் தாங்காது.

மணிலாவின் இயல்பு பிற பயிர்களினின்றும் வேறானது. பூ மண்ணுக்கு மேலே பூக்கிறது. காய் மண்ணுக்குள்ளே விளைகிறது. பூவின் அடியிலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் துளைத்து உட்சென்ற பின்னரே காய் உருவாகும். ஆகையால், மேல்மண் பொலபொலப்பாக இருத்தல் வேண்டும். மண் இறுகியிருந்தால் விழுது உட்செல்லாமல் வீணாகும். அறுவடையின்போது செடியைப் பிடுங்கினால் காய் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். செம்மண் நிலங்களில் மழைக்குப் பின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகுவதைக் கண்டிருப்பீர்கள். இதற்கு மருந்து தொழு உரமே. ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் இடுதல் நன்று. அவ்வளவு கிடைக்காதவர்கள் ஏரி வண்டலையும் மக்கிய தென்னை நார்க்கழிவையும் சேர்த்துக் கொள்ளலாம்.

‘மக்கிய’ என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே கூறினோம். மக்காத சாணக்குப்பையை நிலத்தில் கொட்டினால் வேர்ப்புழுவையும் கறையானையும் விருந்துக்கு அழைத்ததாகும். கைப்பிடி எருவை எடுத்து முகர்ந்து பாருங்கள். சாண நாற்றம் நீங்கி, மழை பெய்த மண்ணின் மணம் வருமாயின் எரு பதமாகிவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்து, செடியைப் பிடுங்கி வேரைக் காணுங்கள். வேரில் கடுகும் மிளகும் போல முடிச்சுகள் இருக்கும். அவற்றை நோய் என்று சிலர் எண்ணுகின்றனர், அது தவறு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. நகத்தால் ஒரு முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று அறியலாம். மிகுதியாக யூரியா இடும் நிலத்தில் இம்முடிச்சுகள் குறைந்துபோகும். இலவசமாகக் கிடைக்கும் சத்தைத் தடுத்துவிட்டு, விலை கொடுத்துச் சத்து வாங்குவது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது, சுண்ணாம்புச்சத்து. பெரும்பாலான பயிர்கள் எல்லாச் சத்தையும் வேரின் வழியே பெறுகின்றன. மணிலாக் காயோ தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே நேராக உறிஞ்ச வேண்டும். வேர் எடுக்கும் சுண்ணாம்பு இலைக்குச் சென்றபின் கீழிறங்கிக் காய்க்கு வருவதில்லை. ஆதலால்தான் செடி செழிப்பாக இருந்தும் காய் பொக்காகப் போகிறது. ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை, விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது செடியின் அடியில் இட்டு மண் அணைத்தல் வேண்டும். மானாவாரியில் மழைக்காகச் சில நாட்கள் காத்திருந்து இடுதலும் உண்டு. ஜிப்சம் சுண்ணாம்போடு கந்தகமும் தருவதால் எண்ணெய்ச் சத்துக்கும் உதவும். மண் அணைத்த பின்னர் மண்வெட்டியோடு அந்நிலத்தில் இறங்கலாகாது. இறங்கினால் விழுதுகள் அறுபடும்.

ஆண்டுதோறும் மணிலாவுக்குப் பின் மணிலா என்று விதைத்தலும் தவறு. வேரழுகலும் தண்டழுகலும் அந்நிலத்தில் நிலைத்துவிடும். கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றில் ஒன்றை மாற்றிப் பயிரிட்டால் நோய்க்கு உணவு இல்லாமற்போகும். மணிலா விட்டுச் சென்ற தழைச்சத்தும் அப்பயிருக்குப் பயன்படும்.

2. விதை

நோயின் பாதி விதையோடு வருகிறது. காயாக வைத்திருந்து, விதைப்பதற்குச் சில நாட்கள் முன்னரே உடைத்தல் வேண்டும். தோலுரிந்ததும் சுருங்கியதும் நிறம் மாறியதும் விதைக்காகா. ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு தேவைப்படும். ஒரு கிலோவுக்கு 4 கிராம் வீதம், அஃதாவது ஏக்கருக்கு 200 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தூளைக் கலந்து வைத்தால் வேரழுகலை அது தடுக்கும். அதன் பின்னர் ரைசோபியம் என்னும் உயிர் உரத்தை, எக்டேர் விதைக்கு 600 கிராம் என்ற கணக்கில், ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையின்மேல் பூசி, நிழலில் சிறிது நேரம் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் அந்த உயிர்கள் மாண்டுபோகும். இரசாயனப் பூசணக்கொல்லியை இவற்றோடு ஒரே வேளையில் கலத்தலும் ஆகாது.

3. கம்பளிப் பூச்சி என்னும் ஊர்ப்பகை

சிவப்புக் கம்பளிப் பூச்சியின் வாழ்க்கையை அறிந்தவனுக்கு அதனை வெல்லும் வழி தானே விளங்கும். ஆண்டின் பெரும்பகுதியை அது மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக உறங்கிக் கழிக்கிறது. வரப்பு ஓரங்களிலும் மரத்தடி நிழலிலும் ஈரம் காக்கும் இடங்களிலும் அது தங்கும். கோடை கழிந்து நல்ல மழை ஒன்று பெய்தவுடன் தாய் அந்துப்பூச்சிகள் அந்தி மயங்கியதும் கூட்டம் கூட்டமாக வெளிவருகின்றன. ஒரு தாய்ப்பூச்சி பல நூறு முட்டைகளை இலையின் அடியில் குவியல்களாக இடும். முட்டைகள் இரண்டு மூன்று நாட்களிலேயே பொரிந்துவிடும். இளம் புழுக்கள் முதலில் ஒரே இலையில் கூடியிருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். வளர்ந்த பின்னரோ பரவி, நிலம்விட்டு நிலம் நடக்கத் தொடங்கும். அப்போது உடல் முழுவதும் மயிர் மூடியிருப்பதால் மருந்தும் எளிதில் கொல்லாது.

எனவே, இப்பூச்சியைத் தடுக்க நான்கு சமயங்கள் உண்டு.

முதலாவது, கோடை உழவு. ஆழ உழுதால் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும். கொக்கும் மைனாவும் கரிச்சானும் ஏரின் பின்னே வந்து பொறுக்கித் தின்னும்.

இரண்டாவது, மழை பெய்த இரவு. மாலை 7 மணி முதல் 11 மணி வரை வயல்வெளிகளில் விளக்குப் பொறி வைத்தல் அல்லது சொக்கப்பனைபோல் தீ மூட்டல் வேண்டும். அந்துப்பூச்சிகள் ஒளியை நாடி வந்து மடியும். ஒருவர் மட்டும் தீ மூட்டினால் அக்கம்பக்கத்துப் பூச்சிகளெல்லாம் அவர் நிலத்துக்கே வரும். ஊரில் உள்ள அனைவரும் ஒரே இரவில் மூட்டுவதே பயன் தரும்.

மூன்றாவது, அடுத்த ஒரு வாரம். முட்டைக் குவியல் உள்ள இலைகளையும், இளம் புழுக்கள் கூடியிருக்கும் சல்லடை போன்ற இலைகளையும் கையால் கிள்ளி அழிக்க வேண்டும். வயலில் ஊடுபயிராகத் தட்டைப்பயறோ துவரையோ இருந்தால் தாய்ப்பூச்சி அவற்றை நாடி முட்டையிடும், தேடுவதும் எளிதாகும்.

நான்காவது, புழு நடக்கத் தொடங்கிய பின். நிலத்தைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குச் செங்குத்தான சிறு பள்ளம் வெட்டினால் புழுக்கள் அதில் விழும். வரப்போரங்களில் எருக்கந்தழையையும் காட்டாமணக்குக் கிளைகளையும் நட்டுவைத்தால் அவற்றில் வந்து கூடும், திரட்டி அழிக்கலாம். ஆயினும், நான்காம் சமயம் வரை காத்திருப்பது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

4. ஏனைய பூச்சிகள்

சுருள் பூச்சி இலைகளை மடித்துப் பின்னி உள்ளிருந்து தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் தீய்ந்ததுபோல் தோன்றும். மழையின்றி வறட்சி நீளும் காலத்தில் இது பெருகும். நான்கு வரிசை மணிலாவுக்கு ஒரு வரிசை கம்பு விதைத்தால் இதன் தாக்குதல் குறைகிறது. சுருள் பூச்சியின் புழுவைத் தேடி அழிக்கும் சிறு குளவிகளுக்குக் கம்பு புகலிடமாகிறது. வீட்டுக்குக் கஞ்சியும் மாட்டுக்குத் தட்டையும் அதனால் கிடைக்கும்.

வெட்டுப்புழு பகலில் மறைந்திருந்து இரவில் மேயும். வரப்பைச் சுற்றி ஆமணக்கு விதைத்து வையுங்கள். தாய்ப்பூச்சி ஆமணக்கின் அகன்ற இலையையே விரும்பி முட்டையிடும். பழுப்பு மயிர் மூடிய முட்டைக் குவியலைச் சிறுவரும் கண்டு கிள்ளலாம். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்தால் ஆண் பூச்சிகள் சிக்கும். பூச்சி வரும் காலமும் தெரியும். இப்புழுவுக்கென்றே நோய் உண்டாக்கும் நச்சுயிரிக் கரைசலும் கிடைக்கிறது. அதனை மாலையில் தெளித்தல் வேண்டும். பகல் வெயில் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும். வயலில் ஆங்காங்கே பறவைகள் அமரக் குச்சிகளை நட்டு வைத்தால், சம்பளம் இல்லாத காவலாட்கள் வந்து அமர்வர்.

வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் முதல் மழைக்குப் பின் இரவில் வேப்ப மரங்களில் வந்து மேயும். அப்போது கிளைகளை உலுக்கிக் கீழே விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டு அழிக்க வேண்டும். இதுவும் ஊர் கூடிச் செய்யவேண்டிய பணியே.

அசுவினியும் இலைப்பேனும் சாற்றை உறிஞ்சுவதோடு நச்சுயிரி நோய்களையும் பரப்புகின்றன. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் தண்டு கருகல் நோய் தோன்றி இரண்டு லட்சம் எக்டேருக்கு மேற்பட்ட மணிலாவைத் தாக்கியது. பார்த்தீனியம் என்னும் களைச்செடி இந்நோயைத் தான் வெளிக்காட்டாமலே தாங்கி நின்றது. அதன் மகரந்தத்தின் வழியாகவும் இலைப்பேன் வழியாகவும் நோய் பரவியது. ஆகவே, வரப்பிலும் பாதையோரத்திலும் பார்த்தீனியத்தைப் பூக்குமுன் பிடுங்குதல் கடமை. வயலோரத்தில் கம்பு அல்லது சோளத்தைச் சில வரிசை நெருக்கி விதைத்தால், காற்றில் வரும் இலைப்பேன்களுக்கு அது வேலியாகும்.

5. வேப்பங்கொட்டைச் சாறு

ஆனி ஆடியில் வேப்பம்பழம் உதிர்கிறது. அதனைப் பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தி வைத்தால் அதுவே மருந்துக் கடை. 5 கிலோ பருப்பை இடித்துத் துணியில் கட்டி, 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். அன்றன்று தயாரித்து அன்றன்றே பயன்படுத்துதல் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட கொட்டை வீரியம் குன்றியிருக்கும். இச்சாறு தெளித்த உடனே புழு செத்து விழாது. புழு உண்பதை வெறுக்கும். தோலுரிக்க இயலாமல் நாளடைவில் மடியும். ‘தெளித்தேன், புழு நடமாடுகிறதே’ என்று மறுநாளே கடைக்கு ஓடுதல் கூடாது.

6. நச்சு மருந்தின் இடம்

இரசாயன மருந்தே கூடாது என்று நாம் கூறவில்லை. பயிர் முழுதும் போகும் நிலையில், வேளாண்மைத் துறையினரைக் கலந்து, குறித்த அளவில், குறித்த பூச்சிக்கு மட்டும் தெளிக்கலாம். அது கடைசிக் கருவியாக இருத்தல் வேண்டும். மருந்து முதலில் கொல்வது பெரும்பாலும் பொறிவண்டையும் சிலந்தியையும் குளவியையுமே. அவை போனபின் பிழைத்த பூச்சி முன்னிலும் பெருகும். பின்னர் மருந்துமேல் மருந்து வாங்க நேரும். ஒரு காலத்தில் வரம்பின்றிப் புழங்கிய டி.டி.டி. 1989-இல் விவசாயத்தினின்றும் நீக்கப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. நேற்று நல்லதென்று விற்கப்பட்டது இன்று நஞ்சென்று விலக்கப்படுகிறது. இதனை மனத்திற்கொண்டு கையுறையும் முகமூடியும் இன்றி எவரும் தெளிக்கலாகாது.

7. அறுவடையும் உலர்த்தலும்

விளைச்சலை வீட்டுக்குக் கொணர்ந்தபின்னும் ஒரு பகை உண்டு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. ஆராய்ந்தபோது, அவை தின்ற மணிலாப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சு காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்னும் அந்நஞ்சு ஈரக் காயிலும், பூச்சி துளைத்த காயிலும், கடைசிக் காலத்தில் வறட்சியால் வாடிய பயிரிலும் தோன்றும். ஆகவே, பறித்த காயை நன்கு உலர்த்தி, குலுக்கினால் பருப்பு கலகலக்கும் பதத்தில் சேமிக்க வேண்டும். எடை கூடும் என்று நீர் தெளித்துச் சந்தைக்குக் கொண்டு செல்வோர், தம் காயோடு ஊராரின் பெயரையும் கெடுக்கின்றனர்.

8. சங்கம் செய்யக்கூடியவை

மேற்கூறிய முதிய அங்கத்தினரின் ஊரில் அடுத்த ஆண்டு சித்திரையில் மகாசபை கூடியது. நாமும் சென்றிருந்தோம். கோடை உழவு, தீ மூட்டும் இரவு ஆகிய இரண்டைப் பற்றி மட்டும் தீர்மானம் செய்தனர். பட்டணத்தில் இருந்த நிலச்சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதி இசைவு பெற்று, அந்நிலத்தையும் ஊரார் உழுதனர். மழை பெய்த இரவு தண்டோரா ஒலித்தது. தெருத் தெருவாக மக்கள் சுள்ளியும் சருகும் சுமந்து சென்றனர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் உடன் சென்றனர். அவ்வாண்டு புழுவே இல்லை என்று கூறமாட்டோம், இருந்தது. ஆனால் எவரும் மறுபடி விதைக்கவில்லை. முதியவர் தம் பாக்கியை இரண்டு தவணைகளில் செலுத்தினார். தோடு மீண்டதா என்று நாம் கேட்கவில்லை. அடுத்த முறை சென்றபோது, மோர் கொண்டுவந்து கொடுத்த அம்மையாரின் காதில் அதனைக் கண்டோம்.

ஆதலின், ஒவ்வொரு சங்கமும் பின்வருவனவற்றை ஆலோசித்தல் நலம்: ஜிப்சத்தையும் உயிர் உரத்தையும் அங்கத்தினரின் தேவையைக் கணக்கெடுத்து முன்கூட்டியே வருவித்தல், வேப்பங்கொட்டையை மகளிர் வாயிலாகச் சேகரித்தல், மண் பரிசோதனைக்கு மாதிரிகளை ஒன்றாகத் திரட்டி அனுப்புதல், தீ மூட்டும் இரவை அறிவிக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல். இவற்றுக்குப் பெரும் முதல் வேண்டுவதில்லை. ஒருவர் நிலத்தின் புழு மற்றவர் நிலத்துக்கும் வரும் என்ற அறிவு இருந்தால் போதும்.

அங்கத்தினர் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. செடி செழித்தும் காய் பொக்காவது ஏன்? ஜிப்சம் இடவேண்டிய காலம் எது?
2. மக்காத எருவால் விளையும் தீமை யாது?
3. கம்பளிப் பூச்சியைத் தடுக்கும் நான்கு சமயங்கள் எவை? அவற்றுள் ஊர் கூடிச் செய்யவேண்டியவை எவை?
4. மணிலாவில் கம்பும், வரப்பில் ஆமணக்கும் விதைப்பது எதற்காக?
5. நமது ஊரில் உழவின்றிக் கிடக்கும் நிலங்கள் எவை? அவற்றின் சொந்தக்காரருக்கு யார் எழுதுவது?

ஐந்தாம் வினாவுக்கு விடை இப்பாடத்தில் இல்லை. அதனை உங்கள் அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.